ஃப்ளோரைடு புராஜெக்ட் செய்கிறவள் காலிக் குடத்தோடு கேட்டில் உட்காரலாமா? (தர்மபுரி, கொஞ்சம் நீளமான கதை)

புளியமரத்தடி எழுதியது:

வணக்கம். என் பெயர் வேண்டாம், கல்லூரிப் பெயரும் வேண்டாம். தர்மபுரி மாவட்டம், எம்.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டு, ஹாஸ்டல். சொந்த ஊர் பாலக்கோடு பக்கம், 'அள்ளி' என்று முடிகிற ஊர்களில் ஒன்று.

எனக்கு முன்பல் இரண்டிலும் காவிக் கறை. அண்ணனுக்கு என்னைவிட மோசம், ஃபோட்டோ எடுத்தால் வாயைத் திறக்கவே மாட்டான். கடைக்குட்டித் தங்கைக்கு மட்டும் பல் பளிச்சென்று இருக்கும். அவள் பிறந்தது 2012, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் (காவிரித் தண்ணீர்) வந்தது 2013, அவ்வளவுதான் வித்தியாசம். ஒரே வீடு, ஒரே களி, பல் மட்டும் வேறு. சின்ன வயதில் அவள் சிரிக்கும்போது எனக்குப் பொறாமையாகக்கூட இருக்கும். அந்தப் பொறாமையில்தான் புராஜெக்ட்டுக்கு, குடிதண்ணீரில் கூடினால் பல்லில் இந்தக் கறையை உண்டாக்கும் ஃப்ளோரைடை எடுத்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் மாவட்டப் பாறையிலேயே ஃப்ளோரைடு இருக்கிறது, போர் (ஆழ்துளைக் கிணறு) ஆழமாகப் போகப் போகத் தண்ணீர் அந்தப் பாறையோடு அதிக காலம் கிடக்கிறது, அதனால் கூடுகிறது. இதைப் பலர் ஆராய்ந்து எழுதிவிட்டார்கள், நான் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. நான் எடுத்தது வேறு கேள்வி. ஒரே பஞ்சாயத்துக்குள் யார் எந்தத் தண்ணீர் குடிக்கிறார்கள்? கணக்கில் எல்லாருக்கும் ஒகேனக்கல் தண்ணீர். நேரில் போனால், ஒகேனக்கல் தண்ணீர் ஏறுகிற மேல்நிலைத் தொட்டியிலேயே போர் தண்ணீரையும் ஏற்றிக் கலக்கிறார்கள், கோடையில் போர் பங்கு கூடிவிடுகிறது. ஊர்த் தெருவில் வசதி உள்ளவர்கள் கேன் வாங்கிக்கொள்கிறார்கள். காலனிக்குக் கலந்த தண்ணீர். தள்ளி இருக்கிற கொட்டாய்களுக்கு (ஊரைவிட்டு விலகிய சின்னக் குடியிருப்புகள்) ஒரு சின்டெக்ஸ் தொட்டி வைத்து போர் தண்ணீர் மட்டும். ஆக, ஒரு பஞ்சாயத்தில் மூன்று தண்ணீர். அதைத் தெருவாரியாக அளந்து வரைபடத்தில் போடுவதுதான் என் வேலை.

இப்போது பிரச்சினைக்கு வருகிறேன். எங்கள் ஹாஸ்டலிலும் போர் தண்ணீர்தான். வளாகத்துக்கு ஒகேனக்கல் இணைப்பு இருக்கிறது, ஆனால் அது அலுவலகக் கட்டிடத்தோடு நின்றுவிட்டது. நான் ஒரு நாள் சும்மா ஹாஸ்டல் தண்ணீரையும் லேபில் போட்டுப் பார்த்தேன். ஃப்ளோரைடு, லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற எல்லையை நன்றாகவே தாண்டியது. தோழிகளிடம் சொன்னேன். அன்றைக்கு ராத்திரியே போஸ்டர் எழுதியாகிவிட்டது, "எங்கள் பல்லைக் காவியாக்கும் ஹாஸ்டல் தண்ணீர்" என்று கொட்டை எழுத்தில், கீழே என் அளவு. மறுநாள் காலை நாற்பது பேர் காலிக் குடத்தோடு கேட்டில் உட்கார்ந்தோம். நானும்தான்.

துறைத்தலைவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கத்தவில்லை. "ஒன்று லேபில் நில், இல்லை கேட்டில் உட்கார். இரண்டிலும் இருந்தால் உன் அளவை எவனும் நம்ப மாட்டான்" என்றார். வீட்டுக்கும் கடிதம் போயிருக்கிறது, அப்பா இரண்டு நாளாகப் பேசவில்லை.

சார் சொன்னது மிரட்டலா, அக்கறையா? எனக்குப் புரியவில்லை. இரண்டையும் செய்யவே கூடாதா?


கடைசி_பெஞ்சு எழுதியது:

தங்கச்சி, முதலில் டிகிரியை முடி. வைவா இன்னும் நடக்கவில்லை, இன்டர்னல் மார்க் அவர்கள் கையில் இருக்கிறது, நீ போய்க் கேட்டில் உட்கார்ந்திருக்கிறாய். என் காலத்தில் பஸ் பாஸுக்கு மறியல் செய்த ஏழு பேரில் இரண்டு பேர் இன்னும் அரியர் வைத்திருக்கிறார்கள், இத்தனைக்கும் பஸ் பாஸ் கிடைத்துவிட்டது.

தண்ணீர்தான் வேண்டும் என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடு. வெள்ளைத்தாள், 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். ஹாஸ்டல் தண்ணீரைக் கடைசியாக எப்போது சோதித்தீர்கள், அறிக்கை நகல் கொடுங்கள் என்று கேள். கோஷம் போடாமலே வேலை நடக்கும்.


எலக்ட்ரோடு எழுதியது:

நான் தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் பல வருடம் இருந்தவன். போராட்டம் பற்றி அப்புறம் பேசலாம், முதலில் அளவு. எந்த முறையில் பார்த்தீர்கள்? கல்லூரி லேப் என்றால் பெரும்பாலும் ஸ்பேட்ன்ஸ் சாயமும் கலரிமீட்டரும்தான் இருக்கும். மாதிரியைக் கண்ணாடி பாட்டிலில் எடுத்தீர்களா, பிளாஸ்டிக்கிலா? அன்றைக்குத் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போட்டிருந்தார்களா?

கடைசிக் கேள்விதான் முக்கியம். ஸ்பேட்ன்ஸ் முறையில் ஃப்ளோரைடு கூடக் கூடச் சிவப்பு நிறம் வெளுக்கும், அந்த வெளுப்பைத்தான் நாம் அளக்கிறோம். பிளீச்சிங் பவுடரிலிருந்து வரும் குளோரினும் அதே சாயத்தை வெளுக்கவைக்கும். கருவிக்கு எது வெளுத்தது என்று தெரியாது, இல்லாத ஃப்ளோரைடையும் சேர்த்துக் காட்டும். அந்தக் குளோரினைப் போக்கத்தான் முதலில் ஒரு சொட்டு சோடியம் அர்சனைட் விடச் சொல்வார்கள். அது விஷம், கையுறை போடாமல் தொடாதீர்கள்.

இன்னொன்று, கோபப்படாதீர்கள். உங்கள் போஸ்டர் வாசகம் தவறு. நிரந்தரப் பல்லின் எனாமல், கடைவாய் ஞானப்பல்லைத் தவிர்த்து, ஏறக்குறைய 8 வயதுக்குள் உருவாகி முடிந்துவிடுகிறது. அந்த வயதுக்குள் குடித்த தண்ணீர்தான் பல்லில் காவியாக நிற்கும். 20 வயதில் ஹாஸ்டலுக்கு வந்த பெண்ணின் பல்லை ஹாஸ்டல் தண்ணீர் காவியாக்காது. எலும்பைப் பாதிப்பது வேறு கதை, அதற்கு அதிக அளவும் பல வருடங்களும் வேண்டும்.


ராயக்கோட்டை_தக்காளி எழுதியது:

ஐயய்யோ, போஸ்டர் ஒட்டிய பிறகா இதையெல்லாம் சொல்வது.

நம் ஊரில் இதற்கு வைத்தியம் இருக்கிறது, புளி! தினமும் புளிக்குழம்பு, புளித்தண்ணீர். ஃப்ளோரைடை வெளியே தள்ளிவிடும் என்று எங்கள் ஆயா சொல்லும். அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த ஊர் இது, அதிலும் வைட்டமின் சி. தகடூர்க்காரனுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது.


எலக்ட்ரோடு எழுதியது:

@ராயக்கோட்டை_தக்காளி, சிரித்துவிட்டேன், ஆனால் உங்கள் ஆயா முழுக்கத் தப்பில்லை. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் பள்ளிப் பையன்களிடம் ஒரு சின்ன ஆய்வு செய்தார்கள், புளி சாப்பிட்டபோது சிறுநீரில் ஃப்ளோரைடு வெளியேறுவது கூடியது, 2002இல் வெளிவந்தது. அதற்காகக் கறை பிடித்த பல் புளியால் வெளுக்காது. சத்துக் குறைந்த பிள்ளைக்கு ஃப்ளோரைடு இன்னும் மோசமாகப் பிடிக்கும், உணவில் கால்சியம் இருந்தால் உடம்பு இழுப்பது குறையும். அதனால் கேழ்வரகையும் நெல்லிக்காயையும் விடாதீர்கள். எல்லாம் துணைக்குத்தான், தண்ணீருக்குப் பதில் ஆகாது. இன்னொரு விஷயம், தண்ணீரைக் காய்ச்சினால் ஃப்ளோரைடு போகாது, தண்ணீர் சுண்டுவதால் அடர்த்தி கூடும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காய்ச்சிக் குடி என்று சொல்வது கிருமிக்காக, அதை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.


வாத்தியார்_ஓய்வு எழுதியது:

காரிமங்கலம் பக்கம் முப்பது வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தேன். தொண்ணூறுகளில் என் வகுப்பில் பிள்ளைகள் சிரிக்கும்போது கை தானாக வாய்க்குப் போகும், குறிப்பாகப் பெண் பிள்ளைகள். கூச்சம் என்று நினைத்துத் திட்டியிருக்கிறேன், "கையை எடுத்துவிட்டுப் பதில் சொல்" என்று. அப்புறம்தான் புரிந்தது. இப்போது நினைத்தாலும் சங்கடமாக இருக்கிறது.

பெரியவர்கள் நிலைமை வேறு. கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடு திரும்புவார்கள், குந்தி உட்கார முடியாது, நாற்பது வயதில் கைத்தடி. வயசுக்கோளாறு, வாதம் என்று தைலம் தடவிக்கொண்டே இருந்தார்கள்.

2008இல் ஒகேனக்கல் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டியபோது கர்நாடகத்தில் கலவரம், இங்கே பதில் மறியல், பஸ் ஓடவில்லை. 1,334 கோடி, ஜப்பான் கடன் என்று டீக்கடையில் தினமும் அதே பேச்சு. குழாயில் தண்ணீர் வந்த அன்று என் மனைவி சாமி கும்பிட்டு அதில்தான் முதல் சாதம் வடித்தாள். வந்தது பெரிய விஷயம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். அதன்பின் வந்த பிள்ளைகளின் பல்லைப் பார்த்தாலே தெரிந்தது. ஆனால் எல்லா வகுப்பிலும் பின்பெஞ்சில் இரண்டு மூன்று பேர் கையை வாயில் வைத்துக்கொண்டு இருந்தார்கள், நான் ஓய்வு பெறும் வரைக்கும். எந்த ஊர் என்று கேட்டால் கொட்டாய்ப் பெயர் சொல்வார்கள்.

அம்மா, நீ அளக்கிறது சரியான இடம். விடாதே.


புளியமரத்தடி எழுதியது:

எலக்ட்ரோடு அண்ணா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு வார்டன் அம்மாவிடம் போய்க் கேட்டேன். நான் மாதிரி எடுத்ததற்கு முதல் நாள் தொட்டி கழுவி பிளீச்சிங் போட்டிருக்கிறார்கள், ஒரு அறையில் இரண்டு பேருக்கு வாந்திபேதி வந்ததால் வழக்கத்தைவிட அதிகமாகவே. கண்ணாடி பாட்டிலில்தான் எடுத்தேன். அர்சனைட் போடவில்லை, எங்கள் லேபில் அது பூட்டிய அலமாரியில் இருக்கும், சும்மா பார்க்கிறதுதானே என்று விட்டுவிட்டேன்.

நேற்று சாரிடம் சொல்லிச் சாவி வாங்கி, தொட்டித் தண்ணீரையும் போர் வாயிலேயே பிடித்த தண்ணீரையும் மூன்று மூன்று முறை பார்த்தேன். 1க்கு மேல், 1.5க்குக் கீழ். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

அழுகை வந்துவிட்டது. ஊர் மாதிரிகளையும் நினைத்து பயந்து நோட்டை எடுத்துப் பார்த்தேன், அவை எல்லாம் பிளாஸ்டிக் பாட்டில், அர்சனைட் போட்டவை, சரியாகத்தான் செய்திருக்கிறேன். தப்பு நடந்தது ஹாஸ்டல் தண்ணீரில் மட்டும், அதாவது எது எனக்குச் சாதகமாக வர வேண்டும் என்று நினைத்தேனோ அதில் மட்டும். இதை எழுதவே கூசுகிறது.

போஸ்டர் இன்னும் சுவரில் இருக்கிறது. தோழிகள் விடு, யாருக்குத் தெரியப்போகிறது என்கிறார்கள்.


கடைசி_பெஞ்சு எழுதியது:

அவர்கள் சொல்வதுதான் சரி. ராத்திரியோடு ராத்திரியாக் கிழித்துப் போட்டுவிட்டுப் படிக்கிற வேலையைப் பார். நீயே தப்பு என்று ஒத்துக்கொண்டால் நிர்வாகம் உன்னை வைத்து மொத்தப் போராட்டத்தையும் மூடிவிடும்.


எலக்ட்ரோடு எழுதியது:

கிழிக்காதீர்கள். அதே சுவரில், அதே அளவு எழுத்தில், திருத்திய அளவை ஒட்டுங்கள், ஏன் தப்பானது என்று இரண்டு வரி. உங்கள் ஊர் மாதிரிகளை நாளைக்கு யாராவது சந்தேகப்பட்டால் இந்தத் திருத்தம்தான் உங்களுக்குச் சாட்சி.

அப்புறம், 1.5க்குக் கீழ் என்றதும் கேஸ் முடிந்தது என்று நினைக்கிறீர்கள், முடியவில்லை. குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500ஐ எடுத்துப் பாருங்கள். ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 1 மில்லிகிராம். 1.5 என்பது வேறு நீராதாரம் இல்லாதபோது மட்டும் பொறுத்துக்கொள்ளும் அளவு. உங்கள் வளாகத்தில் ஒகேனக்கல் இணைப்பு இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் வேறு ஆதாரம் இருக்கிறது. அலுவலகம் வரை வந்த குழாய் ஹாஸ்டலுக்கு ஏன் வரவில்லை என்று கேட்பதற்குப் பெரிய எண் ஒன்றும் தேவையில்லை.


கொட்டாய்க்காரன் எழுதியது:

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டுதான் இருந்தேன். பேசாமல் போகலாம் என்று பார்த்தேன், முடியவில்லை.

நான் நீங்கள் சொல்கிற கொட்டாய்தான், பென்னாகரம் தாலுகா. எங்களிடம் வந்த ஆட்களுக்குக் கணக்கே இல்லை. வேன் வரும், பிள்ளைகளை வரிசையில் நிறுத்துவார்கள், வாயைத் திற, ஈ காட்டு, ஃபோட்டோ எடுப்பார்கள், பிஸ்கட் பாக்கெட் கொடுப்பார்கள், போய்விடுவார்கள். ஒருவரும் திரும்பி வந்து உன் தண்ணீரில் இவ்வளவு இருந்தது என்று சொன்னதில்லை. என் வாயும் யாரோ ஒருவருடைய ஆய்வுப் புத்தகத்தில் கறுப்பு வெள்ளையாக இருக்கும், பெயர் போட்டிருக்க மாட்டார்கள், அந்த வரைக்கும் நல்லது.

உங்கள் ஹாஸ்டலில் நாற்பது பேர் குடத்தோடு உட்கார்ந்தால் பிரின்சிபால் வெளியே வருகிறார். எங்கள் கொட்டாயில் பதினோரு வீடு. நாங்கள் குடத்தோடு ரோட்டில் உட்கார்ந்தால் பஸ்ஸே இல்லாத ரோடு அது, யாரை மறிப்பது?

எட்டு வயதுக்குள் என்று அந்த அண்ணன் சொன்னாரே, அதைப் படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. என் அக்கா பையனுக்கு நாலு வயது. அங்கன்வாடியில் அவன் குடிப்பதும் அங்கே சோறு ஆக்குவதும் அந்த சின்டெக்ஸ் தண்ணீர்தான். நீங்கள் இருபது வயதுக்காரர்களின் பல்லுக்காகக் கத்துகிறீர்கள். தப்பில்லை, கத்துங்கள். ஆனால் முதலில் யாருக்குத் தண்ணீர் போக வேண்டும்?


ராயக்கோட்டை_தக்காளி எழுதியது:

அண்ணன் சொன்னதற்கு அப்புறம் என் புளிக்குழம்பு ஜோக்கை அழிக்கலாமா என்று யோசிக்கிறேன்.


அஞ்செட்டி_அக்கா எழுதியது:

அழிக்க வேண்டாம் தம்பி, இருக்கட்டும்.

நான் நர்ஸ், கிருஷ்ணகிரி மாவட்டம், அஞ்செட்டி, பெட்டமுகிளாலம் பக்கமெல்லாம் வேலை பார்த்திருக்கிறேன். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தை முதலமைச்சர் 2021இல் தொடங்கி வைத்ததே எங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே போகிறது, நல்ல திட்டம். ஆனால் மலைக்குப் போகும்போது 'வீட்டுக்கே' என்ற சொல்லுக்கு அர்த்தம் மாறிவிடும். வண்டி நிற்கிற இடத்திலிருந்து வீடு எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டால்தான் தெரியும். பிரசவ வலி வந்தவளைத் தொட்டில் கட்டித் தூக்கிக்கொண்டு இறங்குவதை நான் பார்த்திருக்கிறேன். நல்ல ரோட்டோரத்தில் இருக்கிற அவளுடைய சித்தி மகளுக்கு அதே வலி வந்தால் 108 வீட்டு வாசலில் நிற்கும்.

சித்தேரி மலைக்கு அந்தப் பக்கம் சித்திலிங்கி இருக்கிறதே, அங்கே 1993இல் டாக்டர் ரெஜியும் டாக்டர் லலிதாவும் போய் உட்கார்ந்தார்கள். ஒரு குடிசையில் தொடங்கி அந்த ஊர்ப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து சுகாதாரப் பணியாளர்களாக ஆக்கினார்கள். நான் அங்கே போய்ப் பார்த்தபோது எனக்குப் பிடித்தது ஆஸ்பத்திரிக் கட்டிடத்தைவிட, அந்தப் பெண்கள் தங்கள் ஊர்க் குழந்தையின் எடையைத் தாங்களே எழுதி, தாங்களே தாய்க்குப் படித்துச் சொன்னதுதான்.

புளியமரத்தடி, ஒரு எச்சரிக்கை. பிள்ளைகளின் பல்லைப் பார்த்து டீன் அளவுகோலில் (பல்லில் ஃப்ளோரைடு பாதிப்பு எவ்வளவு என்று தரம் பிரிக்கிற முறை) மதிப்பெண் போடுகிற எண்ணம் இருந்தால் விட்டுவிடு. அது பல் டாக்டர் செய்ய வேண்டியது, நெறிமுறைக் குழு அனுமதி, பெற்றோர் சம்மதம், ஏழு வயதைத் தாண்டிய பிள்ளையானால் பிள்ளையின் சம்மதம், எல்லாம் வேண்டும். நீ தண்ணீரோடு நில். தண்ணீரின் வாயைத் திறக்க அனுமதி கேட்க வேண்டாம்.


புளியமரத்தடி எழுதியது:

அக்கா, முதல் வரைவில் பல் மதிப்பெண்ணும் இருந்தது, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இன்றைக்கு எடுத்துவிட்டேன்.

கொட்டாய்க்காரன் அண்ணா, பதில் எழுத இரண்டு நாள் ஆகிவிட்டது. உங்கள் பதிவைப் போராட்டக் குழுவில் (எட்டு பேர்தான், குழு என்று சொல்லிக்கொள்கிறோம்) படித்துக் காட்டினேன். ஒருத்தி கோபப்பட்டாள், நம்முடைய கோரிக்கையை நாமே விட்டுக்கொடுப்பதா என்று. ரொம்ப நேரம் சண்டை. மெஸ் மூடி, சாப்பாடும் போய்விட்டது.

திருத்திய போஸ்டரை ஒட்டினோம். அலுவலகத்தில் சிரித்தார்கள் என்று கேள்விப்பட்டேன். சார் மட்டும் சுவர் முன்னால் நின்று முழுக்கப் படித்தார், "அர்சனைட்டுக்கு ரெண்டு சுழி 'ன'தானா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அது பாராட்டா என்று இன்னும் தெரியவில்லை.

ஐ.எஸ். 10500 வரியை எழுதி, அலுவலகக் குழாயை ஹாஸ்டலுக்கு நீட்டச் சொல்லி மனு கொடுத்திருக்கிறோம். அதற்கு இனிக் கேட்டில் உட்காரப் போவதில்லை, இப்போதைக்கு. உட்கார வேண்டியது வேறு இடம் என்று பெரும்பாலானோர் ஒத்துக்கொண்டார்கள். மார்ச் 22, உலகத் தண்ணீர் தினம், அன்றைக்குக் கிராம சபை உண்டு. நான் ஆய்வுக்கு எடுத்த மூன்று பஞ்சாயத்திலும் என் அளவுகளைத் தெருவாரியாகப் பெரிய தாளில் எழுதி, ஊர்க்காரர்கள் கையிலேயே கொடுக்கப் போகிறோம். படிக்கப்போவதும் அவர்கள்தான். கேட்கப்போவது ஒன்றே ஒன்று, அங்கன்வாடிக்கும் தொடக்கப்பள்ளிக்கும் போர் கலக்காத ஒகேனக்கல் தண்ணீர், தனிக் குழாயில். தீர்மானமாக எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும்.


பேராசிரியர்_முன்னாள் எழுதியது:

உங்கள் துறைத்தலைவருக்காக ஒருவர் பேசியாக வேண்டும் என்று தோன்றுகிறது, நானும் அந்த நாற்காலியில் இருந்தவன். அளந்தவரே கோஷம் போட்டால் எதிர்த்தரப்பு உங்கள் அளவைப் பார்க்கவே வேண்டியதில்லை, கோஷத்தைக் காட்டினால் போதும். சார் சொன்னது அதைத்தான். உங்கள் விஷயத்தில் அது நடந்தேவிட்டது, பிளீச்சிங் விவகாரத்தை வேறு யாராவது முதலில் கண்டுபிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? கிராம சபையிலும் இதே ஆபத்து இருக்கிறது. ஆய்வறிக்கை முடியட்டும், வைவா முடியட்டும், அதன்பின் கொண்டு போங்கள். இரண்டு மாதத்தில் ஒன்றும் குடிமுழுகாது.


கொட்டாய்க்காரன் எழுதியது:

ஐயா, மரியாதையோடு சொல்கிறேன். அளந்தவர்கள் எல்லாரும் இதுவரை கோஷம் போடாமல்தான் இருந்தார்கள். அவர்கள் அளவை யார் எடுத்துப் பார்த்தார்கள்? இரண்டு மாதம் என்பது உங்களுக்கு ஒரு வைவா. நாலு வயசுப் பையனுக்கு அது இரண்டு மாதத் தண்ணீர்.


எலக்ட்ரோடு எழுதியது:

இரண்டு பேரும் சொல்வதில் விஷயம் இருக்கிறது, நான் நடுவில் புகுந்து தீர்ப்புச் சொல்லவில்லை, வழி மட்டும் சொல்கிறேன். பாட்டிலில் ஊர்ப் பெயர் எழுதாதீர்கள், எண் மட்டும். எண்ணுக்கு எந்தத் தெரு என்ற பட்டியல் வேறொருவரிடம் இருக்கட்டும், கலரிமீட்டரில் பார்க்கிறவருக்கு அது கொட்டாயா ஊரா என்று தெரியக் கூடாது. ஐந்துக்கு ஒன்று இரட்டை மாதிரி எடுத்து, குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடத்திலும் கொடுங்கள். கிராம சபையில் அவர்கள் தாளையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் உங்கள் கோஷத்தைப் பற்றிப் பேச ஆள் இருக்காது. அளக்கும் முன்பே நோட்டில் எழுதிவிடுங்கள், கொட்டாய்த் தண்ணீர் நல்லதாக வந்தாலும் அதையும் இதே தாளில் ஒட்டுவோம் என்று. துறைத்தலைவரிடம் அந்தப் பக்கத்தில் கையெழுத்து வாங்குங்கள்.


பேராசிரியர்_முன்னாள் எழுதியது:

இப்படிச் செய்தால் நான் என் ஆட்சேபணையைப் பாதி வாங்கிக்கொள்கிறேன். மீதிப் பாதி இருக்கும்.


கடைசி_பெஞ்சு எழுதியது:

நான் என்னுடையதை வாங்கவில்லை, அரியர் வந்தால் என்னிடம் வந்து சொல்லாதே. அங்கன்வாடி விஷயத்துக்கு மனு எழுதத் தெரியவில்லை என்றால் மட்டும் கேள், அதில் எனக்கு அனுபவம் உண்டு.


வாத்தியார்_ஓய்வு எழுதியது:

கிராம சபைக்கு நானும் வருகிறேன் அம்மா. அதில் ஒரு பஞ்சாயத்தில் பாதிப் பேர் என் மாணவர்கள், தலைவர் உட்பட. தாளைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள், எனக்குக் கண் சரியில்லை.


புளியமரத்தடி எழுதியது:

சார் கையெழுத்துப் போட்டுவிட்டார். படித்துப் பார்த்து, "நல்லதாக வந்தாலும்" என்ற வரியின் கீழே கோடு இழுத்து, பிறகு போட்டார். எண்-தெருப் பட்டியலைத் தன் மேஜை டிராயரில் வைத்துக்கொள்கிறேன் என்று அவரே சொன்னார். கேட்டில் உட்கார்ந்ததைப் பற்றி இன்னும் பேச்சு இல்லை. அப்பா நேற்று ஃபோன் செய்தார், "தண்ணி எப்படி இருக்கு?" என்று கேட்டார், எந்தத் தண்ணீரைக் கேட்டார் என்று தெரியாமல் பரவாயில்லை என்று சொல்லிவைத்தேன்.

சனிக்கிழமை மாதிரி எடுக்கப் போகிறோம். கொட்டாய்க்காரன் அண்ணா பைக் கொண்டு வருகிறேன் என்று செய்தி அனுப்பியிருக்கிறார், பாட்டிலை ஊர்க்காரர்களே பிடிக்கட்டும் என்பது அவர் யோசனை.

எலக்ட்ரோடு அண்ணா, ஒரு விஷயம். எவ்வளவு அர்சனைட் எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்ய, கொட்டாய் சின்டெக்ஸில் எத்தனை நாளைக்கு ஒரு தடவை பிளீச்சிங் போடுகிறார்கள் என்று கொட்டாய்க்காரன் அண்ணாவிடம் கேட்டேன். அந்தத் தொட்டி வைத்த நாளிலிருந்து ஒரு தடவைகூடப் போட்டதில்லையாம். ஆக அங்கே குளோரின் தொந்தரவு இருக்காது, அர்சனைட் தேவைப்படாது. போட்டுத்தான் பார்ப்பேன், இருந்தாலும்.


அஞ்செட்டி_அக்கா எழுதியது:

அப்படியே இரண்டு பாட்டில் கூட எடுத்துவா. ஒன்று சுடுநீரில் கொதிக்கவைத்து ஆறவைத்த பாட்டிலாக இருக்கட்டும், கிருமிச் சோதனைக்கு. ஐஸ் பெட்டி நான் தருகிறேன்.